கடைசி எது, இறுதி எது, முடிவானது எது? ஸ்பானியத்தில் குழப்பும் மூன்று சொற்கள்

மாட்ரிடில் இருக்கும் ஒரு பயண முகவர், மொரீஷியஸின் க்ராண்ட் பேயில் உள்ள ஹோட்டலுக்கு ஒரே வாரத்தில் மூன்று மின்னஞ்சல் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றிலும் விருந்தினர் பட்டியல் இணைத்திருக்கிறது. முதல் கோப்பின் பெயர் ‘ஊல்திமா வெர்சியோன்’. அடுத்தது ‘வெர்சியோன் ஃபினால்’. மூன்றாவது ‘வெர்சியோன் தெஃபினிதீவா’. அகராதியைப் புரட்டினால் மூன்றுக்கும் கடைசி, இறுதி, முடிவான என்ற அதே சொற்களைத்தான் கலைத்துப் போட்டிருக்கும். எந்தப் பட்டியலை நம்பி அறை ஒதுக்குவது?

மூன்றாவதை. முதல் பெயர், இதுவரை வந்தவற்றில் இதுவே புதியது என்று மட்டும் சொல்கிறது. நாளைக்கே இன்னொன்று வரலாம். இரண்டாவது, பட்டியல் தயாரிக்கும் வேலை முடிந்தது, வரைவுகள் ஓய்ந்தன என்கிறது. மூன்றாவதுதான் ‘இனி இதில் கை வைக்க மாட்டோம்’ என்று வாக்குக் கொடுக்கிறது. நடைமுறையில் ஸ்பானியரும் கோப்புக்குப் பெயர் வைப்பதில் நம்மைப் போலத்தான்: ‘ஃபினால்’ என்று ஒன்று, அதன் பின்னால் ‘ஃபினால் இரண்டு’ என்று இன்னொன்று. ஆனால் சொல்லின் பொருளில் அவர்களுக்குக் குழப்பம் கிடையாது.

மொரீஷியஸில் ஸ்பானியம் படிக்க உட்காருபவர் யாரும் வெறுங்கையோடு வருவதில்லை. வீட்டிலும் தெருவிலும் கிரியோல், பத்திரிகையில் பிரெஞ்சு, தேர்வுத்தாளில் ஆங்கிலம், கோயிலிலும் வகுப்பிலும் தமிழ். பிரெஞ்சுச் சொல்லின் வாலைக் கொஞ்சம் திருத்தினால் ஸ்பானியம் கிடைத்துவிடும் என்ற தைரியம் முதல் மாதத்திலேயே வந்துவிடும். பாதிக்கு மேல் அது பலிக்கவும் செய்யும். இந்த மூன்று சொற்களில்தான் அது காலை வாருகிறது. சில இடங்களில் பிரெஞ்சு தடம் மாற்றிவிடும், சில இடங்களில் ஆங்கிலம். எதிர்பாராத இடங்களில் தமிழ் கை கொடுக்கும்.

(ஸ்பானியச் சொற்களை இங்கே தமிழ் எழுத்திலேயே தருகிறோம். அழுத்தம் விழும் அசை முக்கியம் என்ற இடத்தில் தனியாகச் சொல்கிறோம்.)

எதிர்ச்சொல்லைக் கேட்டுப் பாருங்கள்

மூன்று சொல்லுக்கும் இலக்கண வரையறையை மனப்பாடம் செய்வதைவிட, எதிர்ச்சொல்லை வைத்துச் சோதிப்பது வேகமானது. நீங்கள் சொல்ல வரும் ‘கடைசி’க்கு எதிர்ப்பக்கம் என்ன நிற்கிறது என்று பாருங்கள்.

எதிரே ‘முதல்’ நின்றால், அதாவது ஒரு வரிசை இருந்து அதில் பின்னால் எதுவும் இல்லை என்றால், ஊல்திமோ (மேலே வந்த ‘ஊல்திமா’ இதன் பெண்பால் வடிவம்). முதல் பஸ், கடைசி பஸ். முதல் பக்கம், கடைசிப் பக்கம்.

எதிரே ‘தொடக்க நிலை’ அல்லது ‘இடைநிலை’ நின்றால், அதாவது ஒரு வேலைக்கு ஆரம்பம், நடு, முடிவு என்று கட்டங்கள் இருந்து நீங்கள் முடிவுக் கட்டத்தைச் சொல்கிறீர்கள் என்றால், ஃபினால். தொடக்க மதிப்பெண் இனிசியால்; இடைத்தேர்வு பார்சியால்; முடிவுத் தேர்வு ஃபினால்.

எதிரே ‘தற்காலிகம்’ நின்றால் தெஃபினிதீவோ. ஸ்பெயினில் பல்கலைக்கழக சேர்க்கை, அரசு வேலை, உதவித்தொகை எதற்கு விண்ணப்பித்தாலும் முதலில் ‘லிஸ்தா ப்ரொவிசியொனால்’ வெளியாகும். பெயர் விடுபட்டவர்கள் குறிப்பிட்ட நாள்களுக்குள் ஆட்சேபம் எழுதலாம். அவற்றைப் பரிசீலித்த பிறகு வருவது ‘லிஸ்தா தெஃபினிதீவா’. இந்த இடத்தில் ‘லிஸ்தா ஊல்திமா’ என்று எழுதினால் யாருக்கும் புரியாது. ‘லிஸ்தா ஃபினால்’ என்றால் புரியும், ஆனால் அலுவலகம் அப்படி எழுதாது.

இந்தச் சோதனை எப்போது பிசகும்? ஒரே பொருளுக்கு இரண்டு எதிர்ச்சொல் பொருந்தும்போது. கணக்கு முடிந்து கொடுக்கும் பில்லை ‘ஃபக்தூரா ஃபினால்’ என்றும் சொல்லலாம், ‘ஃபக்தூரா தெஃபினிதீவா’ என்றும் சொல்லலாம். முன்பணத்துக்கும் இடையிடையே கட்டியதற்கும் பிறகு வருவது என்று நினைத்தால் முதலாவது. முன்மாதிரி பில்லுக்குப் பதிலாக வருவது என்று நினைத்தால் இரண்டாவது. இரண்டும் சரி. எந்தக் கோணத்தில் பார்க்கிறோம் என்பதுதான் வேறு.

ஊல்திமோ

அன்றாடம் அதிகம் தேவைப்படுவது இதுதான். அதனால் பிழையும் இங்கேதான் அதிகம்.

இதற்கு நான்கு வடிவம்: ஊல்திமோ, ஊல்திமா, ஊல்திமோஸ், ஊல்திமாஸ். அழுத்தம் முதல் அசையில். ஸ்பானிய எழுத்தில் முதல் உயிரெழுத்தின் தலையில் சாய்கோடு கட்டாயம். நான்கு வடிவத்துக்கும் உண்டு, தலைப்பில் பெரிய எழுத்தில் எழுதினாலும் உண்டு. அதை விட்டுவிட்டால் சொல்லே மாறிப்போகிறது. கோடு இல்லாமல், அழுத்தம் நடு அசையில் விழுந்தால் ‘நான் முடித்து வைக்கிறேன்’ என்ற வினை. கோடு கடைசி எழுத்தின் மேல் போனால் ‘அவர் முடித்து வைத்தார்’. அதே வினைக்கு லத்தீன் அமெரிக்காவில் ‘கொன்றுபோடு’ என்றும் பொருள் உண்டு. அங்கத்திய குற்றச் செய்திகளில் அடிக்கடி கண்ணில் படும். ஒரு சாய்கோட்டுக்கு இவ்வளவு கனம்.

இடம் பெயர்ச்சொல்லுக்கு முன்னால். எல் ஊல்திமோ பார்கோ (கடைசிப் படகு), லா ஊல்திமா பராதா (கடைசி நிறுத்தம்). ஸ்பானியப் பெயரடைகள் பெரும்பாலும் பின்னால் வரும் என்று முதல் பாடத்தில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். வரிசையைச் சொல்லும் சொற்களுக்கு அந்த விதி பொருந்தாது. ‘ப்ரிமேரோ’ (முதல்) எங்கே நிற்குமோ அங்கே ஊல்திமோவும் நிற்கும். ஒரே ஒரு வித்தியாசம்: ப்ரிமேரோ ஆண்பால் ஒருமைக்கு முன்னால் வாலை இழந்து ‘எல் ப்ரிமேர் தீயா’ (முதல் நாள்) ஆகிவிடும். ஊல்திமோ வாலை இழக்காது. எல் ஊல்திமோ தீயா. முதலாவதைப் படித்த சூட்டில் இரண்டாவதையும் வெட்டிவிடுகிறவர்கள் நிறைய.

எண்ணோடு சேரும்போது இரண்டு வரிசையும் செல்லும். ‘லோஸ் ஊல்திமோஸ் த்ரெஸ் தீயாஸ்’ என்றாலும் ‘லோஸ் த்ரெஸ் ஊல்திமோஸ் தீயாஸ்’ என்றாலும் கடைசி மூன்று நாள்தான்.

ஊல்திமோவின் உள்ளே இரண்டு பொருள் ஒளிந்திருக்கிறது. ஒன்று, இதற்குப் பின் எதுவுமே இல்லை. மற்றொன்று, இதுவரை வந்ததில் இதுதான் புதியது. ‘லாஸ் ஊல்திமாஸ் நொதீசியாஸ்’ என்றால் சற்றுமுன் வந்த செய்திகள். உலகத்தின் கடைசிச் செய்திகள் அல்ல. ஓர் இயக்குநரின் ‘லா ஊல்திமா பெலீகுலா’ என்றால் சென்ற மாதம் வந்த படமாகவும் இருக்கலாம், இறப்பதற்கு முன் எடுத்த படமாகவும் இருக்கலாம். அவர் உயிரோடு இருக்கிறாரா என்பதை வைத்துத்தான் கேட்பவர் முடிவு செய்வார். தொடர் பார்க்கிறவர்களுக்கு இது நன்றாகப் பிடிபடும்: ‘எல் ஊல்திமோ கபீதுலோ’ நேற்று ஒளிபரப்பான பகுதியாக இருக்கலாம், ‘எல் கபீதுலோ ஃபினால்’ என்றால் கதையே முடிந்துவிட்டது. ஐயம் வரும் என்று தோன்றினால் ஃபினாலுக்கு மாறிவிடுவது நல்லது.

இன்னொரு பயன்பாடு கடிதங்களில் உதவும். இரண்டு பேரைச் சொல்லிவிட்டுப் பின்னவரைக் குறிக்க ‘எஸ்தே ஊல்திமோ’ என்பார்கள். ‘மேலாளரும் சமையற்காரரும் வந்தார்கள், எஸ்தே ஊல்திமோ தாமதமாக வந்தார்’ என்றால் தாமதம் சமையற்காரருடையது.

ஸ்பெயினில் உயில் விவகாரத்துக்கும் இதே சொல்தான். ‘ஊல்திமா வொலுந்தாத்’ என்றால் இறந்தவரின் கடைசி விருப்பம். ஒருவர் உயில் எழுதியிருக்கிறாரா, எந்த நோட்டரியிடம் எழுதினார் என்பதைச் சொல்லும் சான்றிதழை அங்கே நீதி அமைச்சகம் தருகிறது. அதன் பெயரிலேயே இந்தத் தொடர் இருக்கிறது. உயிலை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். வரிசையில் கடைசியாக எழுதியதே செல்லும். அதனால் அங்கே ஊல்திமோ பொருத்தம்.

மதுக்கடையில் மட்டும் ஸ்பானியர் பலர் இந்தச் சொல்லைத் தவிர்ப்பார்கள். வீட்டுக்குக் கிளம்பும் முன் கடைசியாக ஒரு கோப்பை கேட்கும்போது ‘லா பெனூல்திமா’, அதாவது கடைசிக்கு முந்தியது, என்றே கேட்பார்கள். கடைசி என்று சொன்னால் வாழ்க்கையிலேயே கடைசி ஆகிவிடுமாம். விளக்கு அணைந்ததைச் சொல்லாமல் ‘விளக்கு மலை ஏறியது’ என்று சொல்லும் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

போன வாரம் என்பது கடைசி வாரம் அல்ல

பிரெஞ்சு தெரிந்தவர்கள் அதிகம் விழும் குழி இது. பிரெஞ்சில் ‘தெர்னியே’ என்ற ஒரே சொல் இடம் மாறினால் பொருள் மாறும். ‘லா தெர்னியேர் செமேன்’ என்றால் (விடுமுறையின், மாதத்தின்) கடைசி வாரம். ‘லா செமேன் தெர்னியேர்’ என்றால் போன வாரம். இந்த வித்தையை ஸ்பானியத்தில் காட்ட முடியாது. அங்கே சொல்லையே மாற்ற வேண்டும்: கடைசி வாரம் ‘லா ஊல்திமா செமானா’, போன வாரம் ‘லா செமானா பசாதா’. போன வருஷம் ‘எல் அன்யோ பசாதோ’, போன திங்கள் ‘எல் லூனெஸ் பசாதோ’.

பிரெஞ்சு வழியில் யோசித்து ‘லா செமானா ஊல்திமா’ என்று எழுதுபவர்களைப் பார்க்கலாம். ஏட்டு நடையில் அப்படி எப்போதாவது வரும். பேச்சில் வராது, போன வாரம் என்று யாரும் எடுத்துக்கொள்ளவும் மாட்டார்கள். ஆங்கிலம் வழி யோசிப்பவர்களின் பிழை வேறு மாதிரி. நேற்று இரவைச் சொல்ல வந்து ‘லா ஊல்திமா நோச்சே’ என்று விடுவார்கள். ஹோட்டல் வரவேற்பறையில் இது உண்மையான சிக்கல். ‘லா ஊல்திமா நோச்சே ஏசி வேலை செய்யவில்லை’ என்று எழுதினால், விருந்தினர் தங்கியதில் கடைசி இரவு என்றுதான் படிப்பார்கள். நீங்கள் சொல்ல வந்தது ‘அனோச்சே’, நேற்று ராத்திரி. ஒரே சொல், எந்தப் பெயரடையும் தேவையில்லை.

இங்கே பிரெஞ்சையும் ஆங்கிலத்தையும் ஓரமாக வைத்துவிட்டுத் தமிழில் யோசியுங்கள். ‘போன வாரம்’ என்று நாம் சொல்வதில் ‘போன’ என்பதுதான் ‘பசாதா’: கடந்துபோனது. தமிழில் ‘போன’ வரும் இடத்தில் பசாதோ, ‘கடைசி’ வரும் இடத்தில் ஊல்திமோ. ஏறக்குறைய எல்லா இடத்திலும் பொருந்தும். பிசகுவது ‘போன தடவை’யில்தான்: ஸ்பெயினில் அதற்கு ‘லா ஊல்திமா வெஸ்’ என்பதே பெரும்பாலும் காதில் விழும், லத்தீன் அமெரிக்க நாடுகளில் ‘லா வெஸ் பசாதா’வும் சகஜம்.

‘எஸ்தா ஊல்திமா செமானா’ என்று முன்னால் ‘எஸ்தா’ சேர்ந்தால், இன்றோடு முடியும் ஏழு நாள். ‘இந்த ஒரு வாரமாக மழை’ என்று நாம் சொல்லும் இடத்துக்கு அது சரியாக உட்காரும்.

ஃபினால்

வடிவம் இரண்டே: ஃபினால், ஃபினாலெஸ். ஆண்பால் பெண்பால் வேறுபாடு இல்லை. ‘வெர்சியோன்’ பெண்பால் என்பதற்காக ‘ஃபினாலா’ என்று நீட்டக் கூடாது. இடம் பெயர்ச்சொல்லுக்குப் பின்னால்: எக்ஸாமென் ஃபினால், ரெசுல்தாதோ ஃபினால், பூந்தோ ஃபினால் (முற்றுப்புள்ளி, அதாவது எழுத்து அங்கே முடிகிறது). அழுத்தம் இரண்டாம் அசையில், கோடு கிடையாது.

முடிவுத் தேர்வும் கடைசித் தேர்வும் ஒன்றல்ல என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். ‘எக்ஸாமென் ஃபினால்’ பாடம் முழுவதற்கும் வைக்கும் தேர்வு. ‘எல் ஊல்திமோ எக்ஸாமென்’ கால அட்டவணையில் கடைசியாக வரும் தேர்வு. அது வெறும் இடைத்தேர்வாகவும் இருக்கலாம். நவம்பரில் உங்களுக்கு ஐந்து முடிவுத் தேர்வு இருந்தால் ஐந்துமே ‘ஃபினாலெஸ்’. அவற்றில் ஒன்றுதான் ‘ஊல்திமோ’.

இதே சொல் பெயர்ச்சொல்லாகவும் வரும். அங்கே பால் மாறினால் பொருளும் மாறும். ‘எல் ஃபினால்’ ஆண்பால்: முடிவு. ‘லா ஃபினால்’ பெண்பால்: இறுதிப் போட்டி. பிரெஞ்சுக்காரர் இறுதிப் போட்டியைச் சொல்வதும் காதுக்கு அச்சு அசல் ‘லா ஃபினால்’தான், அதனால் அது தானாக வந்துவிடும். ‘எல் ஃபினால்’ தான் பழக வேண்டும். தைப்பூசக் காவடி விரதத்தை ஸ்பானிய நண்பருக்கு விளக்கும்போது, பத்தாம் நாள் ‘எல் ஊல்திமோ தீயா தெல் அயூனோ’, விரதத்தின் கடைசி நாள். அன்று காவடி இறக்கி வழிபாடு முடிவது ‘எல் ஃபினால் தெல் அயூனோ’, விரதத்தின் முடிவு. இதில் ‘லா’ போட்டால் விரதத்தில் இறுதிப் போட்டி வைத்த மாதிரி ஆகிவிடும்.

ஊல்திமோவையும் ஃபினாலையும், இவற்றோடு குழம்பும் இன்னொரு சொல்லையும் ஓர் ஆட்டத்தில் பார்க்க 2022 டிசம்பர் 18 அன்று லூசைலில் நடந்த உலகக் கோப்பை போதும். அர்ஜென்டினாவும் பிரான்சும் 3-3. கூடுதல் நேரம் முடியும் விநாடிகளில் கோலோ முவானி அடித்த பந்தைக் கோல்காப்பாளர் எமிலியானோ மார்தினெஸ் காலை நீட்டித் தடுத்தார். பிறகு பெனால்டியில் 4-2. கடைசியாக உதைத்தவர் மொந்தியேல். அவருடைய உதை ‘எல் ஊல்திமோ பெனால்’, ஏனென்றால் அதற்குப் பிறகு யாரும் உதைக்கவில்லை. நடந்த ஆட்டம் ‘லா ஃபினால்’. 3-3 என்பதும் 4-2 என்பதும் சேர்ந்து ‘ரெசுல்தாதோ ஃபினால்’. மார்தினெஸ் காலால் தடுத்ததோ இவற்றில் எதுவும் அல்ல; அது ‘தெசிசீவோ’, ஆட்டத்தைத் தீர்மானித்தது. தீர்மானிப்பது கடைசியில்தான் நடக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. முதல் நிமிடத்தில் விழுந்த ஒரே கோலும் தெசிசீவோ ஆகலாம். கடைசி நிமிட பரபரப்பில் தெசிசீவோவையும் ஊல்திமோவையும் ஒன்றாக்கி எழுதுவது விளையாட்டுச் செய்தி மொழிபெயர்ப்புகளில் அடிக்கடி நடக்கிறது.

மாதக் கடைசி, வருஷக் கடைசி என்று சொல்ல ‘ஆ ஃபினாலெஸ் தே’ என்ற பன்மை வடிவம்: ‘ஆ ஃபினாலெஸ் தே மெஸ்’. அமெரிக்க நாடுகளில் ‘ஆ ஃபீனெஸ் தே மெஸ்’ என்பதும் பரவலாகக் கேட்கும். ஒருமையில் ‘அல் ஃபினால் தெல் மெஸ்’ என்றாலும் தப்பில்லை. ஆனால் பன்மையில் சொன்னால் ‘இருபத்தைந்துக்கு மேல் எப்போதாவது’ என்ற தளர்வு கிடைக்கும். சம்பள தேதியை உறுதியாகச் சொல்ல விரும்பாத முதலாளிக்கு மிகவும் வசதியான பன்மை.

தெஃபினிதீவோ

நான்கு வடிவம், அழுத்தம் ‘தீ’யில். பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் வருவதே வழக்கம். பிரெஞ்சு ‘தெஃபினிதிஃப்’ தெரிந்தவருக்கு இதன் பொருள் முழுக்கக் கையில் இருக்கிறது: தற்காலிகம் அல்லாதது, நிலைத்தது. ஒரு திருமணத் தேதி ‘தெஃபினிதீவா’ என்றால் மண்டபத்துக்குப் பணம் கட்டலாம் என்று அர்த்தம்.

அறிவிப்புகளில் ‘இம்முடிவே இறுதியானது’ என்று தமிழில் எழுதுகிறோம். அதை ‘லா தெசிசியோன் எஸ் ஃபினால்’ என்று பெயர்த்தால் ஆங்கில வாடை அடிக்கும்; அமெரிக்க நாடுகளில் சிலர் அப்படி எழுதுவதும் உண்டு. இயல்பானது ‘எஸ் தெஃபினிதீவா’. போட்டிகளின் விதிமுறைத் தாளில் நடுவர் தீர்ப்பைப் பற்றி வரும் வாக்கியம் இன்னும் கடுமையானது: ‘எல் ஃபாயோ தெல் ஹுராதோ செரா இனாபெலாப்லே’. நடுவர் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு கிடையாது. கட்டுரைப் போட்டிக்கு ஸ்பானியத்தில் விதிமுறை எழுத வேண்டியிருந்தால் இந்த வாக்கியத்தை அப்படியே எடுத்துப் போடலாம்.

நீதிமன்றக் காகிதங்களில் மட்டும் இந்தச் சொல்லை நம்பி ஏமாறக் கூடாது. தெஃபினிதீவோ என்றால் இனி மாறாது என்று சொல்லிக்கொண்டு வந்தோம். ஸ்பெயினின் உரிமையியல் நடைமுறைச் சட்டம் (2000-ஆம் ஆண்டின் முதல் எண் சட்டம்) 207-ஆவது பிரிவில் இதை வேறு மாதிரி வரையறுக்கிறது. முதல் நிலை விசாரணையை முடித்து வைக்கும் தீர்ப்பும், அதன் மீதான மேல்முறையீடுகளைத் தீர்க்கும் தீர்ப்பும் ‘தெஃபினிதீவா’. இனி மேல்முறையீடே இல்லை என்ற நிலையை எட்டிய தீர்ப்பு ‘ஃபீர்மே’. அதாவது ‘சென்தென்சியா தெஃபினிதீவா’ கையில் கிடைத்தவுடன் வழக்கு ஓய்ந்தது என்று நினைத்தால் தவறு. எதிர்த்தரப்பு இன்னும் மேலே போகலாம். சட்டம் மேல்முறையீட்டுக்கு இடம் தராதபோதோ, இடம் தந்தும் கெடுவுக்குள் யாரும் போகாதபோதோதான் அது ‘ஃபீர்மே’ ஆகிறது. விவாகரத்துத் தீர்ப்பை மறுமணப் பதிவுக்காக மொழிபெயர்க்கும்போது இந்த ஒரு சொல்லைத் தவறவிட்டால் காகிதம் திரும்பி வரும். தமிழில் இரண்டையும் ‘இறுதித் தீர்ப்பு’ என்று எழுதிவிடாமல், இரண்டாவதை ‘மேல்முறையீட்டுக்கு இடமில்லாத தீர்ப்பு’ என்று விரித்து எழுதுவதே பாதுகாப்பு.

வினையடையாகும்போது ஆங்கிலம் குறுக்கே வரும். ‘தெஃபினிதிவமேந்தே’ என்றால் ‘இனித் திரும்பாதபடி’. ‘செ ஃபுவே தெஃபினிதிவமேந்தே’: அவர் ஒரேயடியாகப் போய்விட்டார். ஆங்கிலத்தில் ‘டெஃபினிட்லி’ என்று ‘கண்டிப்பாக’ என்ற பொருளில் சொல்லிப் பழகியவர்கள், விருந்துக்கு வருவீர்களா என்று கேட்டால் இதையே பதிலாகச் சொல்வார்கள். லத்தீன் அமெரிக்காவில் அந்தப் பயன்பாடும் இப்போது பரவியிருக்கிறது, அதனால் புரியாமல் போகாது. தொடக்க நிலையில் ‘செகூரோ’ அல்லது ‘சின் தூதா’ என்று சொல்வதே நல்லது. ‘என் தெஃபினிதீவா’ என்று தனித்தொடராக வந்தால் ‘சுருங்கச் சொன்னால்’. பிரெஞ்சிலும் இதே தொடர் உண்டு, கூச்சமில்லாமல் பயன்படுத்தலாம்.

சுற்றிலும் நிற்கும் மற்றவை

‘தெர்மினால்’ பெயரடையாக வந்தால் பெரும்பாலும் மருத்துவமனைச் சொல். ‘ஃபாசே தெர்மினால்’ நோய் முற்றிய, குணமாகாத கட்டம். ‘ஃபாசே ஃபினால்’ போட்டித் தொடரின் இறுதிச் சுற்று. இரண்டையும் மாற்றிவிட்டால் சங்கடம். பிரெஞ்சு லிசேயில் (மேல்நிலைப் பள்ளியில்) கடைசி ஆண்டான ‘தெர்மினால்’ வகுப்பில் படிப்பவர்கள் அதை அப்படியே ஸ்பானியத்துக்குக் கொண்டுபோக வேண்டாம்; கேட்பவருக்கு விமான நிலையம் நினைவுக்கு வரும், அல்லது அதைவிட மோசமான ஒன்று. ஸ்பெயினில் அது ‘செகூந்தோ தே பச்சியெராதோ’. நாடு தெரியாவிட்டால் ‘எல் ஊல்திமோ குர்சோ’ என்றால் எல்லோருக்கும் புரியும்.

மறுப்புக்கு என்று சில சொற்கள் தனியாக இருக்கின்றன. ‘உன் நோ ரொதூந்தோ’ என்றால் முகத்தில் அடித்தாற்போல் ‘முடியாது’. ‘தஹாந்தே’ வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்ற மாதிரி பதில். ‘தெர்மினாந்தெமேந்தே ப்ரொயிபீதோ’ (அடியோடு தடை) என்பதை எங்காவது கதவில் நிச்சயம் பார்ப்பீர்கள். ‘கொன்க்லுயேந்தே’ ஆதாரங்களோடு மட்டும் வரும்: ஐயத்துக்கு இடமில்லாத ஆதாரம். பதவி விலகல் கடிதத்துக்கு ‘இர்ரெவொகாப்லே’, திரும்பப் பெற முடியாதது. ‘பொஸ்த்ரேரோ’வும் கடைசிதான், ஆனால் கவிதைக்கு, படித்துப் புரிந்துகொண்டால் போதும், பேச்சில் எடுத்தால் சங்கப் புலவர் சந்தைக்கு வந்ததுபோல் இருக்கும்.

‘கடைசியில்’ என்பதற்கு நான்கு

பெயரடை பிடிபட்ட பிறகும் வாக்கியத்தின் தொடக்கத்தில் வரும் ‘கடைசியில்’, ‘கடைசியாக’ தொல்லை தரும். ரோஸ் ஹில்லில் பஸ்ஸுக்காக நிற்கிறீர்கள். நாற்பது நிமிடம் ஆயிற்று. பஸ் முக்கில் திரும்புவது தெரிகிறது. ‘போர் ஃபின்!’, அப்பாடா, வந்துவிட்டது. பஸ் வரவே இல்லை, மெட்ரோவில் போய்ச் சேர்ந்தீர்கள்: ‘அல் ஃபினால்’ மெட்ரோவில் போனேன், கடைசியில் அப்படித்தான் ஆயிற்று. முதலில் பஸ், பிறகு மெட்ரோ, ‘போர் ஊல்திமோ’ ஒரு டாக்சி என்று வரிசையாக அடுக்கினால் அது பட்டியலின் கடைசி உருப்படி. பெருமூச்சு விட்டு, ‘என்னவோ போ’ என்று பேச்சை முடித்தால் ‘என் ஃபின்’.

பிரெஞ்சு ‘ஃபினால்மான்’ பழகிய நாக்குக்கு ‘ஃபினால்மேந்தே’ தானாக வரும். அது தப்பான சொல் இல்லை. ஆனால் நினைத்ததற்கு மாறாக ஏதோ நடந்தது என்று பிரெஞ்சில் சொல்லும் இடத்தில் ஸ்பானியர் பேச்சில் ‘அல் ஃபினால்’ என்பார்கள். ‘ஃபினால்மேந்தே’ கொஞ்சம் அறிக்கை வாடை.

செய்து பாருங்கள்

காவடிக்கு வரப்போகும் ஸ்பானிய நண்பருக்கு ஐந்து வரிச் செய்தி எழுத வேண்டும். போன வாரம் உன் மின்னஞ்சல் வந்தது. ஜனவரி கடைசியில் வா. தேதி உறுதியாகிவிட்டது, இனி மாறாது. இரவு கடைசி பஸ்ஸைத் தவறவிடாதே. ஒருவழியாக உனக்கு டிக்கெட் கிடைத்துவிட்டதே!

முதல் வரிக்கு ‘லா செமானா பசாதா’. தமிழில் ‘போன’ இருக்கிறது. இரண்டாவதுக்கு ‘ஆ ஃபினாலெஸ் தே எனேரோ’. நாள் குறிக்காத பன்மை. மூன்றாவதுக்கு ‘லா ஃபேச்சா எஸ் தெஃபினிதீவா’. எதிரே நிற்பது தற்காலிகத் தேதி. நான்காவதுக்கு ‘எல் ஊல்திமோ அவுதொபூஸ்’. வாலும் வெட்டவில்லை, பெயர்ச்சொல்லுக்குப் பின்னாலும் போகவில்லை. ஐந்தாவதுக்கு ‘போர் ஃபின்’. இங்கே ‘அல் ஃபினால்’ போட்டாலும் இலக்கணம் இடிக்காது. ஆனால் டிக்கெட் கிடைத்ததில் உங்களுக்கு மகிழ்ச்சி என்பது நண்பருக்குத் தெரியாது.